பழைய வண்டிக்கு டைமிங்: காதை நம்புவதா, அளவை நம்புவதா?

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் பழைய வண்டி ஒன்று நிற்காத இடம் குறைவு. ஒரு காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஓடி, பிறகு ஏலத்துக்கு வந்து, பல கை மாறிய பெட்ரோல் ஜீப் சிலரிடம் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய டி.வி.எஸ். 50 போன்ற பழைய மொபெட் பலரிடம் இருக்கிறது. தென்னந்தோப்பிலிருந்து தேங்காய் இறக்குவதும், விடியுமுன் பால் கேனைச் சங்கத்தில் சேர்ப்பதும், தக்காளிக் கூடையைக் கிணத்துக்கடவு சந்தைக்குக் கொண்டு போவதும் இந்த வண்டிகள்தாம். புது வண்டி வாங்கக் கடன் எடுக்கும் நிலையில் இல்லாத இரண்டு, மூன்று ஏக்கர் விவசாயிக்கு இது கூடுதலாக ஒரு சோடி மாடு இருப்பது போல.

இன்றைய புது வண்டிகளில் பொறி எப்போது தெறிக்க வேண்டும் என்பதைச் சிறு கணிப்பொறி ஒன்றே பார்த்துக்கொள்கிறது. பழைய வண்டியில் அதை மனிதன்தான் வைக்க வேண்டும். இதைத்தான் பட்டறையில் ‘டைமிங் வைப்பது’ என்கிறார்கள். அதை வைக்கும் விதத்தில்தான் குறை இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இஞ்சினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பி, சத்தத்தைக் கேட்டு, “இப்பச் சரியா இருக்குதுங்க” என்று போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். வண்டியும் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. சில மாதங்களில் ரேடியேட்டர் கொதிக்கிறது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, வால்வு தீய்கிறது அல்லது பிஸ்டனில் ஓட்டை விழுகிறது. கடைசியில், “இஞ்சின் போச்சு” என்று உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கெட்டது இஞ்சின் அல்ல, அளவு பார்க்காத பழக்கம். டைமிங்கை அளவால் வைக்க வேண்டும். அந்த அளவு வண்டிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தூரி ஆட்டுவது போல

பெட்ரோல் இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறிக் காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை அமுக்குகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கிறது. ஆவி எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பொறி தெறித்த உடனே எல்லாம் வெடித்து முடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வைக்கோல் போரில் ஒரு மூலையில் வைத்த தீ மறுமூலைக்குப் பரவ நேரம் பிடிப்பது போல, இங்கும் தீ பரவ நேரம் வேண்டும். அது ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு போன்ற மிகச் சிறிய நேரம். ஆனால் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடும் இஞ்சினில் கிராங்க் ஷாப்ட் அதற்குள் 12 டிகிரி திரும்பிவிடுகிறது. 3,000 சுற்றில் அதே நேரத்துக்குள் 36 டிகிரி திரும்பிவிடும்.

தள்ளும் வேகம் உச்சத்துக்கு வர வேண்டியது பிஸ்டன் மேல்நிலையைத் தாண்டி 10 முதல் 15 டிகிரி இறங்கும் வேளையில். ஆகவே பொறி அதற்கு முன்பே, பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே தெறித்தாக வேண்டும். ஆடி நோன்பில் மரத்தில் கட்டிய தூரியை ஆட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பின்னால் வந்த தூரி திரும்பும் நேரத்தில் தள்ளினால் லேசான கைக்கே அது உயரப் போகும். திரும்புமுன் தள்ளினால் கை நோகும், தூரியும் தடைபடும். போன பிறகு தள்ளினால் கை வெறுங்காற்றில் நீளும்.

வேகம் கூடக் கூடப் பொறி இன்னும் முன்னதாகத் தெறிக்க வேண்டும். கலவை உள்ளே சுழன்று கலங்குவதால் எரிதலும் சற்று விரைவாகிறது. ஆகவே வேகம் மும்மடங்கானால் டைமிங்கும் மும்மடங்கு முந்த வேண்டியதில்லை. இந்தக் கூடுதலைக் கவனித்துக்கொள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் கட்டிய இரு சிறு எடைகள் உண்டு. வேகத்தில் அவை விரிந்து பொறியைத் தாமாகவே முந்தச் செய்யும். மனிதன் வைப்பது தொடக்க அளவை மட்டுமே. அந்தத் தொடக்கம் தவறினால் மேலே வரும் எல்லா வேகத்திலும் அதே தவறு தொடரும்.

முந்தினால் என்ன? பிந்தினால் என்ன?

பொறி தேவைக்கு மேல் முந்தினால், ஏறிவரும் பிஸ்டனைத் தீ எதிர்த்துத் தள்ளும். மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் ‘டிக் டிக்’ என்று உலோகம் தட்டும் ஓசை கேட்கும். தொடர்ந்து தட்டவிட்டால் பிஸ்டன் தலை தீய்ந்து ஓட்டை விழும், பேரிங்குகள் அடிபடும். கைப்பிடி போட்டுச் சுற்றும் ஜீப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கைப்பிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். கைப்பிடியைப் பிடிக்கையில் கட்டை விரலையும் மற்ற விரல்களையும் ஒரே பக்கமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பொறி பிந்தினால் ஓசை ஒன்றும் கேட்காது. அதனால்தான் பிந்திய டைமிங்கில் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பிஸ்டன் இறங்கிய பிறகும் தீ எரிந்துகொண்டிருக்கும். தள்ள வேண்டிய வெப்பம் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகும். எக்ஸாஸ்ட் வால்வு தீயும், இழுவை குறையும், அதை ஈடுகட்ட ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிக்க நேரும். தட்டுகிற இஞ்சினைக் கண்டால் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி ஓசையை அடக்குவது பட்டறைகளில் சுலபமான வழியாக இருக்கிறது. ஓசை அடங்கியதால் நோய் தீர்ந்தது என்று கொள்வது தவறு. தட்டலுக்குக் காரணம் தலையில் படிந்த கரியாக இருக்கலாம், தண்ணீர் ஓட்டம் குறைந்த ரேடியேட்டராக இருக்கலாம், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். மண்ணெண்ணெய்க்குத் தட்டலைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. காரணத்தைத் தேடாமல் பின்னுக்குத் தள்ளுவது, பயிர் வாடுகிறதென்று வேரைப் பார்க்காமல் தண்ணீர் கட்டிக்கொண்டே இருப்பது போல.

முன்பு ஓட்டுகிறவர் கையில் இருந்தது

டைமிங் என்பது மெக்கானிக்கின் தனிச் சொத்து என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் ஸ்டியரிங்குக்கு இடப்புறம் இதற்கென்றே ஒரு நெம்புகோல் இருந்தது. வண்டியை எடுக்கும்போது பிந்த வைப்பதும், ஓட்டத்தில் முந்த வைப்பதும் ஓட்டுகிறவரின் வேலை. அதை வாங்கியவர்களில் பெரும் பகுதியினர் பண்ணைக்காரர்கள். டைமிங் தெரியாமல் அந்த வண்டியை ஓட்டவே முடியாது.

கோவைக்கும் இதில் ஒரு மரபு உண்டு. கலங்கல் கிராமத்தில் 1893-இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு, கூலி வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் முதல் வேலையாக முழுவதும் பிரித்துப் பார்த்துப் பூட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கி, கோவையின் தொழில் வளர்ச்சிக்கே முன்னோடியானார். அந்த ஆர்வத்துக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்களின் பின்புறம் அடுப்புக்கரி உலை பூட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும். ஆகவே அதில் ஓடும் வண்டிக்கு டைமிங்கை இன்னும் முந்த வைக்க வேண்டும். எரிபொருள் மாறினால் டைமிங்கும் மாறும் என்பதற்கு இது நல்ல பாடம். இன்று பெட்ரோல் மீண்டும் மாறியிருக்கும் வேளையில் அந்தப் பாடம் தேவைப்படுகிறது.

முதலில் பிளாட்டினம், பிறகு டைமிங்

பட்டறையில் ‘பிளாட்டினம்’ என்று அழைக்கப்படுவது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு தொடுமுனைச் சோடி. அது திறக்கும் கணத்தில்தான் காயிலிலிருந்து பொறி பிறக்கிறது. முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி கூடினால் அது சீக்கிரமே திறக்கும், டைமிங் முந்தும். இடைவெளி குறைந்தால் டைமிங் பிந்தும். கேம் மீது உரசும் நார்க்கட்டை நாளாவட்டத்தில் தேய்வதால், யாரும் கை வைக்காமலே இடைவெளி குறைந்து டைமிங் பிந்திக்கொண்டே போகும். ஆறு மாதம் முன்பு சரியாக வைத்த வண்டி இப்போது மந்தமாவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆகவே இடைவெளியைச் சரிசெய்யாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவதில் பொருளில்லை. டைமிங் வைத்த பிறகு பிளாட்டினத்தைத் தொட்டால் டைமிங்கை மறுபடியும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை விவசாயிகள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பிளக்கைத் துடைத்து இடைவெளி பார்ப்பது, டேப்பட் அளவு பார்ப்பது, பிளாட்டினத்தைச் சரிசெய்வது, கடைசியில் டைமிங்.

ஜீப்புக்கு வைக்கும் முறை

பல ஜீப்புகளுக்குப் பிற்பாடு டீசல் இஞ்சின் மாற்றிவிட்டார்கள். மாற்றாமல் பழைய நான்கு சிலிண்டர் வில்லிஸ் வகைப் பெட்ரோல் இஞ்சினே உள்ள ஜீப்புகளுக்கு அளவுகள் இவை: பிளாட்டினம் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பிளக் இடைவெளி ஆயிரத்தில் 30 பங்கு. பொறி வரிசை 1-3-4-2. தொடக்க டைமிங் மேல்நிலைக்கு 5 டிகிரி முன்பு. வேறு வண்டி வைத்திருப்போர் அதனதன் கைநூலைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டியின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

தேவையான கருவிகள்: ஒரு ஃபீலர் கேஜ், பாட்டரிக்கு ஏற்ற சிறு பல்பு ஒன்று இரண்டு ஒயருடன், ஸ்பேனர், கொஞ்சம் சுண்ணாம்பு அல்லது வெள்ளைப் பெயின்ட். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, சாவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலையோ துணியையோ அடைத்து, கைப்பிடியால் இஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். உள்ளிருந்து காற்று முட்டித் தள்ளினால் பிஸ்டன் அமுக்கி ஏறுகிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் குறியை மட்டும் நம்பக் கூடாது. நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் குறி இரண்டு முறை வந்து போகும். ஒரு முறைதான் அமுக்கும் சுற்று. மற்றது புகையை வெளியேற்றும் சுற்று. தவறான சுற்றில் வைத்தால் இஞ்சின் கிளம்பாது, கார்புரேட்டர் வழியே திருப்பித் தும்மும்.

காற்று முட்டத் தொடங்கியதும் இன்னும் மெதுவாகச் சுற்றி, 5 டிகிரிக் குறியை நிலையான முள்ளுக்கு நேரே நிறுத்த வேண்டும். முன்னாளைய ஜீப்புகளில் இந்தக் குறி ஃப்ளைவீலில் இருக்கும். உறையின் பக்கவாட்டில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் தெரியும். பிற்பட்டவற்றில் முன்புறப் புல்லியில் இருக்கும். துடைத்துச் சுண்ணாம்பு தடவினால் குறி பளிச்சென்று தெரியும். குறியைத் தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தக் கூடாது. பல் சக்கரங்களுக்கிடையே உள்ள தளர்ச்சி அளவைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், மீண்டும் ஓட்டத் திசையிலேயே வர வேண்டும்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் ரோட்டார் முதலாம் பிளக்கின் ஒயர் உள்ள பக்கத்தைக் காட்ட வேண்டும். பல்பின் ஓர் ஒயரை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய ஒயர் முனையிலும், மற்றதை இஞ்சின் இரும்பிலும் தொடுத்துச் சாவியைப் போட வேண்டும். பிளாட்டினம் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்தால் எரியும். பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டார் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பல்பு பளிச்சென எரியும் கணத்தில் நிறுத்தி போல்ட்டை இறுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி திருப்பினால் கிராங்கில் 2 டிகிரி மாறும் என்பதால் இங்கே நிதானம் தேவை. கடைசியாகக் கைப்பிடியால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறி நேராக வரும் அதே இடத்தில் பல்பு எரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். சாவியை நீண்ட நேரம் போட்டு வைத்தால் காயில் சூடாகும். வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

டைமிங் லைட் கிடைத்தால், இஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது குறியின் மீது அடித்துப் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரை உயர்த்தும்போது குறி முந்திய பக்கம் நகர வேண்டும். நகராவிட்டால் உள்ளிருக்கும் எடைகள் துருவேறி ஒட்டியிருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. ஓர் எச்சரிக்கை: இந்த விளக்கின் ஒளியில் சுற்றும் விசிறி நிற்பது போலத் தோன்றும். கை வைத்தால் விரல் போகும். தோள் துண்டைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் பக்கத்தில் போக வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிடுவதும் கூடாது. அந்தப் புகை ஆளையே கொல்லும்.

பழைய மொபெட்டுக்கு

மேக்னட் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. மேக்னட் சக்கரத்தில் உள்ள குறியும் இஞ்சின் உடலில் உள்ள குறியும் நேராகும்போது பிளாட்டினம் திறக்கத் தொடங்க வேண்டும். இதற்கு விலையில்லாத கருவி ஒன்று உண்டு. மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைத் தொடுமுனைகளுக்கிடையே செருகி, மேக்னட்டை மெல்லச் சுற்றியவாறு லேசாக இழுத்துப் பிடித்தால், முனைகள் திறக்கும் கணத்தில் காகிதம் உருவிக்கொண்டு வரும். அந்தக் கணத்தில் குறிகள் நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்தட்டின் திருகுகளைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்யலாம்.

எவ்வளவு திருப்பினாலும் டைமிங் நிற்காத மொபெட்டில், மேக்னட்டை ஷாப்டில் பிடித்திருக்கும் அரைவட்டச் சாவி வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி வெட்டுப்பட்டால் குறியே பொய் சொல்லும். இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு டைமிங் முந்துவதும் பெட்ரோலில் எண்ணெய் குறைவதும் சேர்ந்துவிட்டால் பிஸ்டன் தப்பிப்பது அரிது.

காதுக்கும் ஒரு வேலை உண்டு

இதைப் படிக்கும் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் ஒன்று கேட்கலாம். “புது இஞ்சினுக்கு எழுதிய அளவு, 40 வருசம் தேய்ஞ்ச இஞ்சினுக்கு எப்படிங்க பொருந்தும்?” என்பது நியாயமான கேள்வியே. தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஆடும், செயின் தளரும், இன்றைய பெட்ரோலும் அன்றைய பெட்ரோல் அல்ல. நாடு முழுவதும் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஈயம் கலக்காத பெட்ரோல்தான் விற்கிறது.

ஆனால் இந்தக் கேள்விக்கு விடை, அளவைக் கைவிடுவதல்ல. அளவில் தொடங்கி, பாரத்தில் பரீட்சித்து, தேவையானால் ஓரிரு டிகிரி மாற்றுவதே விடை. வண்டியில் வழக்கமான பாரம் ஏற்றி, சமதளச் சாலையில் டாப் கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். வேகம் எடுக்கும்போது லேசாகத் தட்டி உடனே மறைந்தால் அது எல்லைக்குள் இருக்கிறது. தொடர்ந்து தட்டினால் ஒரு டிகிரி பின்னுக்கு வைக்க வேண்டும். காதுக்குரிய இடம் இதுதான். பட்டறையில் பாரமில்லாமல் ஓடும் இஞ்சின் எவ்வளவு முந்த வைத்தாலும் துள்ளலாகத்தான் ஓடும். அந்தத் துள்ளலைக் கேட்டு வைத்த டைமிங், தேங்காய்ப் பாரத்தோடு மேடு ஏறும்போது குட்டு வெளிப்படும்.

எதனால் கலந்த பெட்ரோல்

2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோல் நாட்டில் அறிமுகமாயிற்று. 2025-இல் நாட்டின் சராசரிக் கலப்பே அந்த அளவை எட்டியது. உழவர் விளைவிக்கும் கரும்பும் மக்காச்சோளமும் இதற்கு மூலப்பொருள்கள் என்பதால் இதை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய வண்டிக்கு இதன் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் எதனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு வெப்பமே உண்டு. ஆகவே 20 விழுக்காடு கலந்த லிட்டரில் 6 முதல் 7 விழுக்காடு வெப்பம் குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறைவது டைமிங்கின் குற்றமல்ல. அதைத் திரும்பப் பிடிக்கிறேன் என்று டிஸ்ட்ரிபியூட்டரை முறுக்குவது வீண். எதனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை மெலியும், அதனால் இஞ்சின் சூடாகும், தயங்கி ஓடும். முதலில் ஜெட்டையும் கார்புரேட்டரையும் கவனிக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களும் கேஸ்கட்டுகளும் உப்பி வெடிக்கக்கூடும். அவற்றை எதனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். நெடுநாள் நிற்கும் வண்டியின் டாங்கில் எதனால் ஈரத்தை இழுத்துத் தண்ணீர் பிரியும். இவற்றையெல்லாம் முடித்த பிறகே டைமிங். எதனாலுக்குத் தட்டலைத் தாங்கும் சக்தி அதிகம் என்பதால் ஓரிரு டிகிரி முந்த வைத்துப் பார்க்க இடமுண்டு. அதற்கு மேல் போக வேண்டாம்.

ஆயில் இஞ்சினுக்கும் டைமிங் உண்டு

டீசல் இஞ்சினில் பிளக் இல்லை என்பதால் டைமிங் இல்லை என்று கொள்ளக் கூடாது. அங்கே எண்ணெய் தெளிக்கும் வேளைதான் டைமிங். கிணற்று மேட்டில் பரவலாக உள்ள 5 குதிரைச் சக்தி, 1,500 சுற்று கிர்லோஸ்கர் ஏ.வி.1 வகை இஞ்சினில், மேல்நிலைக்கு 23 டிகிரி முன்பு தெளிப்புத் தொடங்க வேண்டும். பம்புக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டினால் தெளிப்பு பிந்தும், குறைத்தால் முந்தும். பம்பைக் கழற்றிப் பூட்டும்போது இந்தத் தகடுகளில் ஒன்றைத் தவறவிட்டாலே அளவு மாறிவிடும். கழற்றும்போது எண்ணி, துணியில் முடிந்து வைப்பது நல்லது. நாசிலிலிருந்து வரும் தெளிப்பின் எதிரே கையை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கணக்கும் கடமையும்

நாளொன்றுக்கு 4 லிட்டர் பெட்ரோல் போடும் ஜீப்பில், டைமிங் கோளாறால் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 நாள் ஓட்டத்தில் 120 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஃபீலர் கேஜும் பல்பும் ஒரு நாள் ஆள் கூலிக்குள் கிடைக்கும். 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட பிறகு, பழைய வண்டியை வைத்துக்கொள்வதே சிறு விவசாயிக்குப் பாரமாகியிருக்கிறது. புதுப்பிக்கத் தகுதியில்லாத வண்டியைக் கட்டி அழ வேண்டாம். ஆனால் தகுதியுள்ள வண்டியைத் தவறான டைமிங்கால் இரும்பு விலைக்கு இழப்பது, காய்க்கிற தென்னையை வெட்டுவது போன்றது.

இதில் விவசாயி மட்டும் மாறினால் போதாது. கோவை வட்டாரத்துத் தொழிற் பயிற்சி நிலையங்களில் படித்து வரும் இளைஞர்கள் கணிப்பொறி வண்டிகளையே கற்கிறார்கள். பிளாட்டினம் வைக்கத் தெரிந்த தலைமுறை ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. இடையில் இந்த அறிவு அறுந்துபோனால் நட்டம் கிராமத்துக்குத்தான். 1974-இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டதன் நோக்கமே, கையால் செய்து கற்பிக்கும் பயிற்சிதான். அந்த வழியில் ஒவ்வொரு மாவட்டத்து நிலையமும், வேளாண்மைப் பொறியியல் துறையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பழைய வண்டி, ஆயில் இஞ்சின் டைமிங் முகாம் நடத்த வேண்டும். முதிய மெக்கானிக்குகளையே அங்கு ஆசிரியர்களாக அழைக்கலாம். அவர்கள் காதின் நுட்பமும் கைநூலின் அளவும் ஒரே இடத்தில் சேரட்டும். பால் சங்கம் அல்லது உழவர் குழு ஒன்று ஊருக்கு ஒரு டைமிங் லைட் வாங்கி வைத்தால் ஐம்பது வண்டிக்குப் பயன்படும்.

அதுவரை ஒவ்வொரு விவசாயியும் இதையாவது செய்யலாம். தம் வண்டியின் பிளாட்டினம் இடைவெளி, பிளக் இடைவெளி, டைமிங் டிகிரி, பொறி வரிசை ஆகிய நான்கையும் பானட்டின் உட்புறம் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும். கடைசியாக வைத்த தேதியையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். பட்டறைக்குப் போகும்போது, “அளவு வெச்சுப் பாருங்க அண்ணா” என்று மரியாதையாகக் கேட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். உரம் எடை போடும்போதும் பால் அளக்கும்போதும் பார்த்து நிற்கிற விவசாயி, இஞ்சினுக்கு மட்டும் அளவு பாராமல் வருவதற்குக் காரணம் ஒன்றுமில்லை.